மூன்று திரை வண்டி

நர்ஸக்கா அன்று காலையில் மூன்றாவது முறையாக அதே கறுப்பு நாயின் மேல் வண்டியை ஏற்றினார்.

"ஐயோ பாவம்!" என்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஸ்டியரிங்கை விடாதீங்கக்கா!" என்று பின்னால் நின்ற மாஸ்டர் பதறினார்.

"நாயே போயிடுச்சு, இனிமே ஸ்டியரிங் எதுக்குத் தம்பி?"

நாய் எங்கேயும் போகவில்லை. 'விபத்து. மீண்டும் தொடங்கவும்' என்று சிவப்பு எழுத்து மின்னி மறைந்ததும், அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு பழைய மூலையிலேயே போய் நின்றது. நான்காவது தடவைக்குத் தயார் என்று அதன் முகத்தில் எழுதியிருந்தது.

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் அவர் வீட்டின் முன்பாதியில் நடந்தது. முன்னறையில் மேசை போட்டு அவர் மனைவி பதிவேடு பார்ப்பாள். அதற்குப் பின்னால் பழைய டயர்கள் கிடந்த அறையைக் காலி செய்து, மாஸ்டர் போன மாதம் ஒரு பொம்மைக் காரை உண்டாக்கியிருந்தார். பலகையில் முடுக்கிய ஒரு கார் இருக்கை, மேசையில் பொருத்திய ஸ்டியரிங், கீழே மூன்று மிதிகள், ஒரு கம்ப்யூட்டர், எதிரே மூன்று திரைகள். நடுத்திரை முன்கண்ணாடி. இடது திரை இடது ஜன்னல், வலது திரை வலது ஜன்னல். மூன்றிலும் சாலை ஓடும், மரம் ஓடும், குறுக்கே ஆள் ஓடுவார்.

இதெல்லாம் ஆசைப்பட்டுச் செய்த காரியமில்லை. இரண்டு மாதமாக லைசென்ஸ் ஆபீசில் புது விதி. ரோட்டில் ஓட்டிக் காட்டித் தேறினால் மட்டும் போதாது. அப்புறம் உள்ளே வைத்திருக்கும் மூன்று திரைப் பொம்மைக் காரிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். மாஸ்டர் அனுப்பிய கடைசி ஆறு பேர் ரோட்டில் ராஜாவாக ஓட்டினார்கள். உள்ளே போய் ஆறு பேரும் கவிழ்ந்தார்கள். வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று போர்டு வைத்திருக்கும் மனிதருக்கு இது எப்படி இருக்கும்? தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் என்பதும், இன்றுவரை பின்பக்கமாக வண்டியை எடுக்கத் தெரியாதவர்கள் என்பதும் வேறு விஷயம்.

"அந்த போர்டை இறக்கி வெச்சிடலாமாங்க? மழையில பெயின்ட் போகுது" என்று மனைவி நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள்.

"நூறுங்கிறது பெயின்ட் இல்லடி. மானம்" என்றார் மாஸ்டர்.

ஏழாவது ஆளாகப் போகப்போவது யாரோ எவரோ என்றால் கூடப் பரவாயில்லை. நர்ஸக்கா மனைவியின் கூடப்பிறந்த அக்கா. இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று கால் நரம்பு சுருண்டு, கடைசியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்றைப் பிடித்திருந்தார். வேலை கொடுப்பவர்களே கார் தருவார்கள், பகல் வேலை, ஞாயிறு விடுமுறை. ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் லைசென்ஸைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அக்கா ரோட்டுச் சோதனையில் தேறிவிட்டார். பொம்மைக் கார் சோதனை திங்கட்கிழமை பத்து மணிக்கு. தோற்றால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி போக முடியும். வார்டு வேலைக்கோ அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று வியாழன்.

"ஏன் தம்பி, நாய் இடது பக்கம் தெரிஞ்சுது. நான் வலது பக்கம் ஒடிச்சேன். அது எப்படி வலது பக்கம் வந்து விழுது?" என்றார் அக்கா.

"நாய் ஓடியிருக்கும்."

"நின்ன நாயி தம்பி. ஒண்ணுக்குப் போய்க்கிட்டிருந்துது."

மாஸ்டர் இருக்கையில் தானே உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நிமிடத்தில் அவருக்கும் நாய் கிடைத்தது. பிறகுதான் புரிந்தது. இடது ஜன்னலில் தெரிய வேண்டியது வலது திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வலது ஜன்னல் இடது திரையில். நடுத்திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, 'திரைகள் தானாக ஒழுங்குபடுத்தப்பட்டன' என்று சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடங்கியது.

அந்தப் பெட்டி கம்ப்யூட்டர் டாக்டர் கொடுத்த சீதனம். அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் அவர்தான். மனைவியின் மேசையில் இருந்த நான்காவது திரையும் இதே கம்ப்யூட்டரிலிருந்து நீளமான ஒயரில் போனது. பதிவேடு பார்க்கும்போது முன்னறைத் திரை மட்டும் வேண்டும். கார் ஓட்டும்போது பின்னறையில் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றி மாற்றி மாஸ்டர் சலித்துப்போனபோது, டாக்டர் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டு, "இனிமே நீங்க தொடவே வேணாம் மாஸ்டர். எந்தத் திரை எங்க இருக்கணும்னு அதுவே பார்த்து அதுவே வெச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதுவே பார்த்தது. அதுவே வைத்துக்கொண்டது.

"இதென்ன பிரமாதம். ஒயரை மாத்திக் குத்தினா முடிஞ்சுது" என்று மாஸ்டர் மேசைக்கடியில் நுழைந்தார். இடது ஒயரைப் பிடுங்கி வலதில், வலதைப் பிடுங்கி இடதில். வெளியே வந்து தலையில் ஒட்டிய ஒட்டடையைத் துடைத்தார். மூன்று திரைகளும் ஒரு கணம் இருண்டு மீண்டும் ஒளிர்ந்தன. மூலைப் பெட்டி எழும்பியது. 'திரைகள் தானாக ஒழுங்குபடுத்தப்பட்டன.'

அவர் ஒயரை மாற்றியதை அது கண்டுபிடித்து, படத்தையும் மாற்றிவிட்டது. குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், வழி விடுகிறேன் பேர்வழி என்று ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதை. மாஸ்டர் மூன்று தடவை ஒதுங்கினார். அதுவும் மூன்று தடவை ஒதுங்கியது.

"சரி, ஒயரை மாத்தினாத்தானே உனக்குத் தெரியும்" என்று கறுவிக்கொண்டு, அடுத்தபடியாகத் திரைகளையே தூக்கினார். இடது திரையைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது பக்கம் வைத்தார். வலது திரையை இடது பக்கம். ஒயர் இடுப்பில் சுற்றி, அவரே ஒரு பிளக் மாட்டிய சாமான் போல நின்றார். இந்தத் தடவை படம் சரியாக வந்தது.

"பார்த்தீங்களாக்கா? மூளைன்னு ஒண்ணு இருக்கில்ல!"

அக்கா உட்கார்ந்து, பெல்ட் போட்டு, நாயை அழகாகச் சுற்றிக்கொண்டு போனார். அப்போது முன்னறையிலிருந்து மனைவி யாருடைய விண்ணப்பத்தையோ பார்க்கப் பதிவேட்டைத் திறந்தாள். பின்னறையில் மூன்று திரைகளும் அணைந்தன. அவள் பதிவேட்டை மூடினாள். மூன்றும் எரிந்தன. அக்கா இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் ஒடித்து, நாயைப் பிடித்தார்.

கம்ப்யூட்டர் டாக்டர் போனில் எப்போதும் வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"மாஸ்டர், மூணும் எங்க வாங்கினது?"

"மூடிப்போன துணிக்கடையில. மொத்தமா எடுத்தேன்."

"அதான் வியாதி. மூணும் ஒரே அச்சு. ரெட்டைப் பிள்ளைங்கன்னாலே பெத்தவ குழம்புவா. இது மூணு. புரோகிராம் என்ன பண்ணும்?"

"அடையாளம் வெச்சா?"

"வைங்களேன்" என்று டாக்டர் வேறு எதையோ திருகிக்கொண்டே சொன்னார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை மாஸ்டர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வெள்ளைக் காகிதத்தில் 'இடது', 'நடு', 'வலது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் ஒட்டினார். மனைவி தேநீர் கொண்டுவந்தவள் நின்று வாசித்தாள்.

"ஏங்க, இது யார் பார்க்கறதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதுக்குக் கண்ணு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா? பின்னாடியும் ஒரு காகிதம் ஒட்டிடுங்க, எதுக்கு வம்பு."

மாஸ்டர் அவளை முறைத்தார். ஆனால் அவள் போன பிறகு பின்னாலும் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் நேரிலேயே வந்தார். 'ரெண்டே நிமிஷம்' என்று செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் தட்டினார். "இப்ப ரெண்டு நிலை பண்ணியிருக்கேன் மாஸ்டர். பதிவேடுன்னா ஒரு நிலை, கார்னா ஒரு நிலை. ஒண்ணோட ஒண்ணு கலக்காது" என்று சொல்லிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். பாதியில் வைத்துப் போவது அவருக்குத் தொழில் தர்மம்.

அக்கா காரைக் கிளப்பினார். இடது ஜன்னல் இடது பக்கம். வலது ஜன்னல் வலது பக்கம். மாஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. நடுவே, முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், 'வரிசை எண், பெயர், தந்தை பெயர், ரத்த வகை' என்று மனைவியின் பதிவேடு பளபளத்தது.

"தம்பி, ரோட்டைக் காணோம். ஓ பாசிட்டிவ்னு இருக்கு."

"வண்டியை நிறுத்துங்கக்கா!"

"எங்க நிறுத்தறது? முன்னாடி என்ன இருக்குன்னே தெரியலையே!"

முன்னறையில் அந்த நேரத்தில் ஒரு தையல்காரர் புதிதாகச் சேர வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அவருடைய பெயரைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டிருந்த திரையில் திடீரென்று ஒரு நெடுஞ்சாலை விரிந்தது. எதிரே ஒரு லாரி வந்தது.

"ஐயோ லாரி!" என்று அலறினாள்.

தையல்காரர் வாசலைப் பார்த்தார். லாரி எதுவும் இல்லை.

"அக்கா, லாரி! இடது பக்கம் ஒதுங்குக்கா! ஒதுங்கு!" என்று அவள் பின்னறையைப் பார்த்துக் கத்தினாள்.

"எவ்வளவு ஒதுங்கணும்?" பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு முழம்! போதும் போதும்! இப்ப நேரா! முன்னாடி சைக்கிள்காரன், ஹாரன் அடி!"

ஹாரன் அடித்தது. தையல்காரர் எழுந்தே விட்டார்.

"பிரேக்கு! பிரேக்கு போடுக்கா, ஸ்கூல் பிள்ளைங்க! எல்லாம் போகட்டும்... இன்னும் ஒரு குண்டுப் பொண்ணு வர்றா... அவளும் போயிட்டா. இப்ப எடு."

அக்காவும் தங்கையும் இப்படியே நான்கு கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஒருத்திக்கு ஸ்டியரிங், ஒருத்திக்கு ரோடு. நடுவில் சுவர். அந்த நான்கு கிலோமீட்டரில் ஒரு நாய் கூட அடிபடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாஸ்டர் இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்று, இங்கே பார்ப்பதா அங்கே பார்ப்பதா என்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்.

தையல்காரர், "நான் நடந்தே போய்க்கிறேங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சனியன் இருந்தால்தானே. புரோகிராமையே அழித்துவிட்டார்.

அழித்த பிறகுதான் தெரிந்தது, அது எத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தது என்று. இடது திரை தலைகீழாக நின்றது; அதில் மரங்கள் வானத்திலிருந்து தொங்கின. நடுத்திரையும் வலது திரையும் ஒரே படத்தைக் காட்டின. மவுஸின் அம்புக்குறி எங்கே போனதென்று தெரியவில்லை. மாஸ்டர் மவுஸை மேசை விளிம்பு வரை தள்ளித் தள்ளித் தேட, முன்னறையிலிருந்து, "ஏங்க, இங்க ஒரு அம்பு வந்து நோண்டிக்கிட்டிருக்கு, அது உங்களோடதா?" என்று மனைவி கேட்டாள்.

"அங்கேயே பிடிச்சு வை!"

"எதால பிடிக்கிறது, இடுக்கியாலயா?"

அக்கா தலையை இடது தோளில் சாய்த்து, பிறகு முழுதாகக் கவிழ்த்து, அந்தத் திரையைப் பார்க்க முயன்றார். அப்படியே ஐந்து நிமிடம் ஓட்டியதில் அவருக்குத் தலை சுற்றி, காரை நிறுத்தி, பொம்மைக் காரில் வாந்தி வந்த முதல் ஆள் என்ற பெயரை மயிரிழையில் தவறவிட்டார்.

மாஸ்டர் போனில் டாக்டரிடம் கெஞ்சி, அவர் சொல்லச் சொல்லப் புரோகிராமை மறுபடி போட்டார். 'வணக்கம். உங்கள் திரைகளை அறிந்துகொள்கிறேன்' என்றது அது. அறிந்துகொண்டது. நடு சரியாக வந்தது. இடது வலதாகவும், வலது இடதாகவும் வந்தன. வியாழக்கிழமை எங்கே ஆரம்பித்தார்களோ, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அங்கேயே வந்து நின்றார்கள்.

மாஸ்டர் கையை ஓங்கிக்கொண்டு கம்ப்யூட்டரை நெருங்கினார்.

"தம்பி, தள்ளுங்க. யாரும் எதையும் தொடக் கூடாது. இப்படியே இருக்கட்டும்" என்றார் நர்ஸக்கா.

"இது தப்பா இருக்குக்கா!"

"இருக்கட்டுமே. இருபத்தெட்டு வருஷமா எனக்கு எதிர்ல படுத்திருக்கிறவங்களைப் பார்த்துத்தான் வேலை. அவங்க இடது கை எனக்கு வலது பக்கம். அவங்க வலது கை எனக்கு இடது பக்கம். ஒரு நாளாவது கை மாத்தி ஊசி போட்டிருக்கேனா? இந்தக் காரு எனக்கு எதிர்ல படுத்திருக்குன்னு நினைச்சுக்கிறேன். போதும்."

உட்கார்ந்தார். நாய் மூலையில் தயாராக நின்றது. அக்கா அதைச் சுற்றிக்கொண்டு போனார். சைக்கிளுக்கு வழிவிட்டார். திரும்பும்போது வலது திரையைப் பார்த்து இடது பக்கம் ஒடித்தார், இடது திரையைப் பார்த்து வலது பக்கம் ஒடித்தார். ஊசி நுழைவதைப் போல வண்டி போயிற்று. 'முழு மதிப்பெண்' என்று பச்சை எழுத்து வந்தது. வீட்டில் அந்த எழுத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை. மனைவி ஓடி வந்து கைதட்டினாள்.

ஞாயிறு காலையில் அக்கா ஐந்து தடவை ஓட்டினார். ஐந்து தடவையும் பச்சை. ஆறாவது தடவை ஓட்டிக்கொண்டே தங்கையிடம், புது வேலைக்குப் பருத்திப் புடவை கட்டுவதா, காலுக்குத் தோதாக வேறு ஏதாவது போடுவதா என்று ஆலோசனையும் கேட்டார்.

வேறொருவராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மாஸ்டருக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், போர்டைப் பார்த்தார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். அக்கா தப்பை அத்தனை சுத்தமாகக் கற்றுக்கொண்டிருந்தார்! நாளைக்குக் காலையில் அரசாங்க மெஷினில், இடது இடதாகவும் வலது வலதாகவும் இருக்கும் மெஷினில், இந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்தால்? ஏழாவது ஆள். சொந்த மனைவியின் சொந்த அக்கா. மூன்று மாதம் வேலையில்லாமல் இந்த வீட்டிலேயே, இந்த முன்னறையிலேயே, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"டாக்டர், கடைசியா ஒரு மருந்து சொல்லுங்க" என்று போனில் மன்றாடினார்.

"எல்லா ஒயரையும் பிடுங்குங்க. அஞ்சு நிமிஷம் மெஷினைச் சும்மா விடுங்க. அப்புறம் இடது, நடு, வலதுன்னு வரிசையா, ஒவ்வொண்ணா குத்துங்க. கேட்டா கேட்கும், கேட்காட்டி விட்டுடுங்க."

அக்காவும் தங்கையும் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து மாஸ்டர் காரியத்தில் இறங்கினார். பிடுங்கினார். காத்திருந்தார். குத்தினார். மூலைப் பெட்டி எழும்பவே இல்லை. இடது இடதில். நடு நடுவில். வலது வலதில். பதிவேட்டைத் திறந்து மூடினார், அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்; அசையவில்லை. மூன்று நாளாகக் கெஞ்சியபோது வராதது, யாரும் கேட்காத நேரத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கடையிலிருந்து வந்த அக்காவை, "ஒரே ஒரு ரவுண்டுக்கா" என்று உட்கார வைத்தார்.

நாய் முதல் பத்து விநாடியில் போயிற்று. பிறகு ஒரு விளக்குக் கம்பம். ஒரு பழவண்டி, பழங்கள் முன்கண்ணாடி முழுக்க உருண்டன. திருப்பத்தில் சைரன் கேட்டது. இடது திரையில் வந்ததை அக்கா வலது பக்கம் வருவதாக எண்ணி, இடது பக்கம் அவசரமாக ஒதுங்கினார்.

டமார்.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஆம்புலன்ஸ் தம்பி. நான் ஆம்புலன்ஸையே இடிச்சுட்டேன்."

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"சரி பண்ணேன்!"

"நல்லா ஓட்டிக்கிட்டிருந்தவளை எதுக்குங்க சரி பண்ணீங்க?"

"நாளைக்கு அங்க சரியாத்தானேடி இருக்கும்! இப்பவே பழகிக்கிட்டா..."

"மூணு நாள்ல நாலு தடவை மாத்திட்டீங்க. அவ மூளை என்ன, நம்ம பின்னறையா?"

"அக்கா, இன்னும் ரெண்டே ரவுண்டு. இடதுன்னா இடது, வலதுன்னா வலது, அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்."

நர்ஸக்கா பெல்ட்டைக் கழற்றினார். எழுந்தார். வார்டில் தகராறு செய்யும் உறவுக்காரர்களை வெளியே அனுப்பும்போது வரும் குரல் அவருக்கு வந்துவிட்டது.

"தம்பி, நோயாளிக்கு ஒரு மருந்து கேட்டுதுன்னா அதைத்தான் கொடுக்கணும். ரெண்டு நாளா எனக்கு எது கேட்டுதோ, அப்படித்தான் நாளைக்கு ஓட்டுவேன். இதுக்கு மேல நீங்க ஒரு வார்த்தை பேசினா, எனக்கு நேராத் தெரியறதும் கோணலாத் தெரியும். போய்ப் படுங்க."

மறுபடியும் பழைய மாதிரி தப்பாக ஆக்கிக் கொடுத்தாலாவது அக்காவின் கோபம் தணியுமா என்று மாஸ்டர் ஒயர்களைப் பிடுங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மசியவில்லை. எப்படிக் குத்தினாலும் சரியாகவே வந்தது.

திங்கட்கிழமை லைசென்ஸ் ஆபீஸ் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் எதிரே ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் அந்த மெஷின். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்தார். நர்ஸக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு..."

"வேணாம்."

"இடது..."

"தம்பி!"

பத்து மணிச் சோதனை பதினொன்றுக்குத்தான் தொடங்கியது. முதலில் வேறொரு ஸ்கூல் பனியன் போட்ட இளைஞன் உள்ளே போனான். மூன்று நிமிடத்தில் 'டமார்' என்று கேட்டது. வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல் படி இறங்கினான். அடுத்துக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அவருக்கு இரண்டு நிமிடம். இவர்களுக்கே இந்தக் கதி என்றால், இடது வலது தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால்! மாஸ்டர் கைக்குட்டையை முறுக்கினார். அது ஏற்கெனவே முறுக்கித்தான் இருந்தது. 

நர்ஸக்காவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, வார்டுக்குள் நுழைவதைப் போல உள்ளே போனார். கதவு மூடியது.

ஒரு நிமிடம். இரண்டு. மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டார். மூன்று. நான்கு. டமார் வரவில்லை. ஏழு நிமிடமாயிற்று. மணி பதினொன்றே காலைத் தாண்டியது. பன்னிரண்டுக்குள் புது வேலை இடத்தில் போய் லைசென்ஸைக் காட்ட வேண்டும். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மெஷின் நின்றுபோய்விட்டதா? அக்கா மயங்கி விழுந்துவிட்டாரா? நாயைக் கண்டு பயந்து வண்டியையே கிளப்பாமல் உட்கார்ந்திருக்கிறாரா?

கதவு திறந்தது. வெளியே வந்தது அக்கா அல்ல. கையில் துடைக்கிற துணியோடு ஆபீஸ் உதவியாள். மாஸ்டர் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, மெஷின் நின்னுபோச்சா? உள்ள என்ன ஆச்சு?"

உதவியாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா முழு மார்க் வாங்கிட்டாங்க சார். தானா ஒழுங்குபடுத்தும்னு ஏதோ புரோகிராம் போட்டதுலேருந்து எங்க மெஷின்ல இடது ஜன்னல் வலது பக்கமும், வலது ஜன்னல் இடது பக்கமும்தான் வருது, ரெண்டு மாசமா ஒருத்தரும் தேறல. எந்தப் புண்ணியவான்கிட்ட படிச்சாங்களோ, அப்படியே தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கான்!"